கதவின் உட்புறம்

கதவில் சாக்கட்டி கீறும் சத்தம். தெரு முழுக்கத் தறி அடித்துக்கொண்டிருந்த முற்பகல். தறியின் நாடாக்கட்டை இங்கும் அங்கும் மோதுகிற ஓசைக்கு நடுவே அந்தச் சின்னக் கீறல் எப்படிக் காதில் விழுந்ததென்று தெரியவில்லை. விழுந்தது. பல் கூசியது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

இரண்டு பெண்கள். சொட்டு மருந்து கொடுக்க வந்த தற்காலிகப் பணியாளர்கள். ஒருத்தி தோளில் குளிர்ப்பெட்டி தொங்கியது. இன்னொருத்தி என் கதவில் தேதியும் ஒரு எண்ணும் எழுதி முடித்து, விரலில் ஒட்டிய வெள்ளையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், நீங்க மலேரியாவுல இருந்தீங்களாமே? எதிர்வீட்டு அம்மா சொன்னாங்க."

"இருந்தேன்மா."

"எங்களுதும் வெளிநாட்டுப் பணத்துல நடக்கிற வேலைதான் சார். பணம் நின்னா நாங்களும் நின்னுடுவோம். பெர்மனன்ட் கேட்டு மனு குடுக்கலாம்னு பேசிக்கினு இருக்கோம். எதெல்லாம் ஆதாரமா வெச்சுக்கணும்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பட்டியல் எழுதத்தான் உட்கார்ந்தேன். நியமன ஆணையின் நகல், வருகைப் பதிவு, நாட்குறிப்பு என்று மூன்று வரி வந்தது. நாலாவது வரியில் மாணிக்கம் என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு பட்டியல் நகரவில்லை.

நான் மாகறலில் பயிர்வைக்கிற குடும்பத்தில் பிறந்தவன். அறுபதுகளின் நடுவில் மலேரியா ஒழிப்பு வேலையில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். அப்புறம் பொதுச் சுகாதாரத் துறை, அப்புறம் பதவி உயர்வு, அப்புறம் ஒருநாள் போதும் என்று தோன்றி விருப்ப ஓய்வு. ஓய்வுபெற்றுவிட்டேனே தவிர ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கட்டுரையையே நாலு இடம் மாறி உட்கார்ந்து எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் சில வாரம். கொசுவின் கால் மடிகிற விதம், ஒட்டுண்ணியின் மோதிர வடிவம், ஊசியைச் சுடரில் காட்டுகிற பக்குவம். ஒரு வெள்ளைக்காரர் இங்கிலீஷில் பேசினார், ஒருவர் அதைத் தமிழில் சொன்னார், நாங்கள் எழுதிக்கொண்டோம். மருந்து, ஜீப், மைக்ராஸ்கோப், மைக்ராஸ்கோப்பில் விடுகிற எண்ணெய் வரைக்கும் கடல் கடந்து வந்தது. ஆட்கள் மட்டும் உள்ளூர்.

ஒழிப்பு வேலைக்கென்று ஒரு சாபம் உண்டு. ஒழிக்க வந்தவன் ஒழித்து முடித்த அன்றைக்கு வேண்டாதவன் ஆகிவிடுகிறான். நன்றாகச் செய்யச் செய்யத் தன் காலடி மண்ணைத் தானே தோண்டிக்கொண்டு போவான். இன்ஸ்பெக்டர்களாகிய எங்களுக்கு அது தெரியாது. எங்களுக்கு அரசாங்கம் இருந்தது. எங்களுக்குக் கீழே வீடு வீடாகப் போன கண்காணிப்புப் பணியாளர்களுக்குத்தான் அது தெரியும். அவர்கள் தற்காலிகம்.

அந்த வேலையில் தொண்ணூறாவது நாள் என்று ஒன்று கிடையாது. எண்பத்தொன்பதாம் நாள் மாலை ஒரு தாள் வரும், பணி முடிந்தது என்று. இரண்டு நாள் கழித்து இன்னொரு தாள் வரும், பணி தொடங்கியது என்று. நடுவில் இருக்கிற இரண்டு நாளும் அந்த மனிதன் அரசாங்கத்தின் கண்ணில் பிறக்கவே இல்லை. தொடர்ந்து வேலை பார்த்தவன் உரிமை கேட்பான். அதனால் தொடர்ச்சியை அவ்வப்போது நறுக்கிவிடுவார்கள், நகம் நறுக்குகிற மாதிரி, வலிக்காமல். ஆனால் ஜுரம் தாளைப் பார்த்து வருவதில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போயே ஆகவேண்டும். "ஆர்டர் வந்துடும், நீ சுத்துக்குப் போய்ட்டு வா" என்று அந்த இரண்டு நாளிலும் அவர்களை அனுப்புவோம். மேலதிகாரி என்னிடம் சொல்வார், நான் அவர்களிடம் சொல்வேன். சொல்லுக்குக் கையெழுத்து கிடையாது.

மாணிக்கம் என் கீழ் வேலை பார்த்த நாலு பேரில் ஒருவர். தென்னேரிப் பக்கத்துக் காலனிக்காரர். என்னைவிட மூத்தவர். நான் அவரை நீ என்பேன், அவர் என்னை சார் என்பார். இங்கே அவர் என்று எழுதுகிறேன். நேரில் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லவில்லை. நெடுநெடுவென்ற ஆள், காக்கிச் சட்டை, தோளில் ஒரு பை. பைக்குள் ஊசி, ஸ்பிரிட் சீசா, மாத்திரை, ரத்தம் எடுக்கிற கண்ணாடிச் சில்லுகள். ஏரிக்கரை வழியாக அவர் வருவது தூரத்திலேயே தெரியும். நடக்கும்போது அந்தச் சில்லுகள் பெட்டிக்குள் மெல்லக் கிலுங்கும்.

வேலையின் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் கவிழ்ந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் தலைவாசல் கதவின் உட்புறம், நெஞ்சு உயரத்தில், தகர அச்சை வைத்துக் கறுப்புப் பெயின்டில் ஒரு கட்டம் போட்டிருக்கும். இரண்டு பத்தி. இடதுபக்கம் தேதி. வலதுபக்கம் வந்தவரின் பெயர்ச் சுருக்கம். பணியாளர் வந்து, யாருக்காவது ஜுரமா என்று கேட்டு, இருந்தால் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, மாத்திரை கொடுத்து, கட்டத்தில் எழுதிவிட்டுப் போகவேண்டும். இன்ஸ்பெக்டர் பின்னால் வந்து கட்டத்தைப் பார்ப்பார். வெளிப்புறம் எழுதினால் வெயிலும் மழையும் தின்றுவிடும் என்பதால் உட்புறம். அந்த விதியை எழுதியவர் எந்த நாட்டுக்காரரோ. அவருக்குக் கதவின் இரண்டு பக்கமும் வெறும் மரம்.

நான் சேர்ந்த முதல் மாதம், மாணிக்கத்தின் சுற்றில் இருந்த ஊர் ஒன்றில் கட்டங்களைப் பார்க்கப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். காலனியில் மரக்கதவுகள் இல்லை, படல்கள்தான். அதனால் கட்டம் உள்ளே மண்சுவரில் இருந்தது. எல்லாம் நிரம்பியிருந்தது, கொக்கி போட்ட மாதிரி வளைந்த கையெழுத்தில் 'மா', 'மா' என்று. பிறகு ஊர்த் தெருவுக்குப் போனேன். தேக்குக் கதவுகள். கதவைச் சாத்திப் பின்னால் பார்த்தேன். கட்டம் காலி. அடுத்த வீடு, காலி. தெரு முழுக்கக் காலி.

"மாணிக்கம், இந்தத் தெருவுக்கு நீ வரவே இல்லியா?"

"வந்தேன் சார். எல்லா வீட்டுக்கும் கொரல் குடுத்தேன். நாலு பேருக்கு ஜுரம். அந்தப் பூவரச மரத்தடியில உக்காந்துக்கினு ரத்தம் எடுத்தேன், மாத்திரை குடுத்தேன்."

"கட்டத்துல எழுதலியேப்பா."

"கட்டம் கதவுக்கு உள்ள இருக்குது சார். நான் கதவுக்கு வெளிய இருக்கிறேன்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தத் தெருக்காரர்கள் எங்கள் ஜனம். என் அத்தை ஒருத்தியே அந்த மாதிரி ஒரு தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த வாசற்படிகளை நான் எண்ணாமல் தாண்டியிருக்கிறேன்.

"ரத்தம் எடுக்கறப்ப கையத் தொடறியே. அதுக்கு ஒண்ணும் சொல்றதில்லியா?"

"ஜுரம் நூத்திமூணு ஏறிடுச்சின்னா தீட்டு எறங்கிடும் சார். ஜுரம் எறங்கிச்சின்னா அது மறுபடியும் ஏறிக்கும். ரெண்டும் ஒரே தெர்மாமீட்டர்தான்."

இதை எடுத்துக்கொண்டு எங்கள் யூனிட் ஆபீசர் ராகவராவிடம் போனேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டில் ஆபீஸ். அதே வீட்டின் அடுத்த கட்டில் வீட்டுக்காரரின் தறி ஓடும். மேசைமேல் இருக்கும் மசிக்கூடு அதற்கேற்ப நடுங்கும். ராகவராவ் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். பியூனிலிருந்து டைரக்டர் வரை யாரானாலும் அவருக்கு 'பாபு'. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்தத் தாளையும் மூன்று முறை படிப்பார். முதல் முறை கண்ணாடியோடு, இரண்டாம் முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூன்றாம் முறை உதடு அசைய. பிறகுதான் பேனா திறக்கும். மூடியை மேசையில் வைக்கமாட்டார், இடது கையில் பிடித்திருப்பார். கையெழுத்துப் போட மனமில்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திரும்ப மாட்டிவிடுவார். சின்னதாக ஒரு சொடக்கு. அந்த ஆபீசில் மறுப்பு என்பது அவ்வளவுதான் சத்தம் போடும்.

நான் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டுக் கேட்டார்.

"என்ன செய்யலாம்னு சொல்றீங்க, பாபு?"

"சட்டம் இருக்குதே சார். எழுதிப் போடலாம்."

"போடலாம். போலீஸ் வரும், ரெண்டு நாள் நிக்கும், போயிடும். அப்புறம் அந்தத் தெருவுல நமக்குக் கொரல் குடுக்கக்கூட இடம் இருக்காது. அங்க ஜுரம் வந்தா நமக்குத் தெரியாது. அங்கேர்ந்து காலனிக்கும் வரும். கொசு வாசப்படி பாக்காது." கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க அவங்க ஆளுதானே? உங்களை உள்ள விடுவாங்க. மாணிக்கம் வந்த தேதியக் கேட்டுக்கங்க. பின்னாடி போறப்போ நீங்க எழுதிடுங்க. கட்டம் காலியா இருக்கக் கூடாது."

"என் பேரையா சார்?"

"வந்தது அவன். அவன் பேரைத்தான் எழுதணும். அதுதானே நியாயம்?"

நியாயம் என்ற அந்தச் சொல் எனக்கு இதமாக இருந்தது. தாகத்தில் குடிக்கிற பானைத் தண்ணீர் மாதிரி உள்ளே இறங்கியது. அந்தத் தண்ணீரைத்தான் ஆறேழு வருஷம் குடித்தேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாணிக்கம் மரத்தடியில் உட்கார்ந்து எழுந்து போவார். நான் பின்னாலேயே போய், மோர் குடித்து, கதவைச் சாத்தி, அவர் வந்த தேதியை எழுதி, பக்கத்தில் 'மா' என்று போடுவேன். தாளில் அவர் பிறக்காத இரண்டு நாட்களில் சுற்று வந்தாலும் அந்தத் தேதியையே எழுதுவேன். சுற்று தவறியதாக மேலே யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே. அந்த நாட்களில் எடுத்த ரத்தத்துக்கு மட்டும் ரெஜிஸ்டரில் புது ஆர்டருக்குப் பிந்திய தேதி ஒன்று போட்டுக்கொள்வோம். ஆக, ஆபீசில் இருந்த எல்லாக் காகிதமும் பொய் சொன்னது. கதவுகள் மட்டும் உண்மை சொல்லின, என் கையெழுத்தில்.

ஒருமுறை பணம் கொடுக்கிற நாட்டிலிருந்து பார்வையிட வந்தார்கள். உயரமான ஒரு வெள்ளைக்காரர் அந்த ஊர்த் தெருவில் கன்னியம்மா என்பவளின் வீட்டுக் கதவின் பின்னால் குனிந்து பார்த்தார். 'மா' என்பதை விரலால் தொட்டு, இது யார் என்றார். நான் வெளியே கையைக் காட்டினேன். பூவரச மரத்தடியில் மாணிக்கம் விறைப்பாக நின்று சலாம் வைத்தார். வெள்ளைக்காரர் சந்தோஷமாகக் கையாட்டினார். ராகவராவ் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எங்கள் யூனிட்டுக்கு நல்ல பெயர் வந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜுரம் அடங்கியது. மாதக்கணக்கில் ஒரு சில்லில்கூட ஒட்டுண்ணி கிடைக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்துப் பணம் வேறெங்கோ போனது. திட்டத்தைச் சுகாதாரத் துறையோடு சேர்க்கப்போவதாகவும், தொடர்ச்சியாகப் பணியாற்றியவர்களை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும் உத்தரவு வந்தது. மாணிக்கத்தின் பெயருக்கு எதிரே வரிசையாக இடைவெளி இடைவெளியாக இருந்தது, எலி கடித்த துணி மாதிரி. பட்டியலில் அவர் இல்லை. மற்ற மூவருக்கும் அதே இடைவெளிதான், ஆனால் அவர்களுக்காகச் சொல்ல மேலே ஆள் இருந்தது.

நெசவாளர் சங்கத்தில் மனு எழுதிக் கொடுக்கிற ஒருவரைப் பிடித்து, தொழிலாளர் இலாகாவுக்கு அவர் மனு போட்டார். இடைவெளி நாளிலும் வேலை பார்த்தேன், அதற்கு ஆதாரம் இருக்கிறது என்று. என்ன ஆதாரம் என்று இலாகாவில் கேட்டபோது மாணிக்கத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தது நான்.

"கதவு இருக்குதேப்பா. மஸ்டர் ரெஜிஸ்டர்ல இல்லாத தேதியெல்லாம் கதவுல இருக்குது. அதைக் காட்டேன்."

காலனிச் சுவர்களை விட்டுவிட்டு ஊர்த் தெருவைச் சொன்னேன். ஏனென்றால் காலனியில் ஒவ்வொரு பொங்கலுக்கும் மண் பூசிச் சாணி மெழுகிவிடுவார்கள். அவர் கையெழுத்து இருந்த சுவரெல்லாம் வருஷா வருஷம் அழிந்து புதிதாகப் பிறந்தது. தேக்குக் கதவில் போட்டது அப்படியே இருந்தது. அதை எழுதினது யார் என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் ஏறவே இல்லை. சத்தியமாக மறந்திருந்தேன். ஆறேழு வருஷம் இன்னொருத்தன் பெயரை எழுதி எழுதி, அது அவன் எழுதியதாகவே எனக்கு ஆகிவிட்டிருந்தது. மாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. "நீங்க இருக்கீங்கல்ல சார், அது போதும்" என்றார். அதையும் நான் சரியாகக் கேட்கவில்லை.

தொழிலாளர் அலுவலர் நேரில் வந்து கதவுகளைப் பார்ப்பதாக நாள் குறித்தார். அதற்கு முந்தின நாள் ராகவராவ் என்னைக் கூப்பிட்டார். மேசையில் தாள் எதுவும் இல்லை. அப்படி வெறும் மேசையோடு அவரை நான் பார்த்ததில்லை.

"நாளைக்கு உங்களைக் கேப்பாங்க, பாபு. பொய் சொல்லாதீங்க."

"இல்ல சார்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." அடுத்த கட்டுத் தறியின் பக்கம் தலையைத் திருப்பினார். "கதவுல நீங்க எழுதினீங்கன்னு வந்தா, அந்தத் தெரு மட்டும் இல்ல. நம்ம யூனிட்ல இருக்கிற எந்தக் கதவையும் யாரும் நம்பமாட்டாங்க. மத்த மூணு பேரு பட்டியல்ல இருக்காங்க. அவங்க பேரும் கதவுலதான் இருக்குது. தறிப் பாவுல ஒரு இழை போனா முடிச்சுப் போட்டுக்கலாம். நீங்க கத்திரிக்கோலை எடுத்துடாதீங்க."

"மாணிக்கம், சார்?"

"நல்லவன்" என்றார். ரொம்ப நல்லவன் என்று இன்னொரு முறையும் சொன்னார். இறந்துபோனவர்களைப் பற்றித்தான் அந்தக் குரலில் பேசுவோம்.

மறுநாள் காலை பத்து மணி வெயில். அலுவலர் இளைஞர், கறாரானவர், நேர்மையானவர் என்று பெயர். கன்னியம்மா வீட்டில் தொடங்கினார். நடுத்தர வயதுக்காரியான கன்னியம்மா அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயோடு எழுந்து வந்தாள்.

"இந்த ஆளைத் தெரியுமாம்மா?"

"ஏன் தெரியாது. மாத்திரைக்காரன். மாணிக்கம்."

"இவரு உங்க வீட்டுக்கு வருவாரா?"

"வருவான். உள்ள வந்ததில்ல."

அலுவலர் எழுதினார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வீட்டுக்குள் வந்ததில்லை எனச் சாட்சி கூறுகிறார் என்று இருந்தது. ஒரு வார்த்தை பொய் இல்லை. முதல் பாதியைக் காணோம்.

பிறகு கதவைச் சாத்திப் பின்னால் பார்த்தார். தாளில் உள்ள இடைவெளி நாட்களையும் கட்டத்துத் தேதிகளையும் ஒப்பிட்டார். பொருந்தின. புருவம் உயர்ந்தது. அந்த ஒரு நொடி எனக்கு நம்பிக்கை வந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

"மாணிக்கம், உள்ள வாப்பா. வந்து இதைப் பாரு."

மாணிக்கம் வாசற்படிக்கு வெளியே நின்றார். கன்னியம்மாவைப் பார்த்தார். கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் கதவைப் பார்த்தேன்.

"வாய்யா, எனக்கு நேரமில்ல."

அவர் செருப்பை விட்டார். குனிந்து உள்ளே வந்தார். குனியத் தேவையில்லாத உயரமான நிலைவாசல் அது. கன்னியம்மா சுவரோடு ஒதுங்கி நின்றாள், முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு. அந்தத் தெருவில் அவ்வளவு வருஷம் வேலை பார்த்தவர், தன் வேலையை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார். தேதி, மா. தேதி, மா. தேதி, மா. விரலை அருகே கொண்டுபோனார், தொடவில்லை.

"இது உன் கையெழுத்தா?"

அலுவலர் ஒரு தாளைக் கொடுத்து, பெயர்ச் சுருக்கத்தைப் பத்துமுறை எழுதச் சொன்னார். மாணிக்கம் கதவின் மேலேயே தாளை வைத்து எழுதினார். வளைந்த கொக்கி 'மா'. கதவில் இருந்தது படித்த பையன்களின் நிமிர்ந்த 'மா'. கண் தெரியாதவருக்கும் வித்தியாசம் தெரியும்.

"நான் வந்தேன் சார். எல்லாத் தேதியும் வந்தேன். எழுதினது நான் இல்ல."

"அப்ப யாரு?"

மாணிக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. முறைக்கவும் இல்லை. பஸ் வருகிற திசையைப் பார்ப்போமே, அப்படி.

"இன்ஸ்பெக்டர், நீங்கதான் இவரோட மேற்பார்வை. இது யார் எழுதினதுன்னு தெரியுமா?"

வெளியே பூவரச மரத்தில் காக்கை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிற வாடை. வாசலுக்கு வெளியே ராகவராவ் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமல், கையில் வைத்திருந்தார்.

"தெரியல சார்" என்றேன்.

அவ்வளவுதான். என் பணிக்காலம் முழுவதையும் பிழிந்தால் அந்த ஒரு சொல்தான் சொட்டும்.

அன்று மதியம் ஆபீசுக்குப் போய் ஒரு முழுத்தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். ஊர்த் தெருவில் மாணிக்கத்தை வீட்டுக்குள் விடுவதில்லை, அவர் வந்த தேதிகளை நான் எழுதினேன், அத்தனையும் உண்மையான தேதிகள் என்று. அரசு ஊழியன் அப்படிப்பட்ட கடிதத்தை நேராக அனுப்பக் கூடாது. மேலதிகாரி வழியாகத்தான் போகவேண்டும். ராகவராவின் மேசையில் வைத்தேன். மூன்று முறை படித்தார். மூன்றாம் முறை உதடு அசையும்போது அவர் கண் கலங்கியிருந்தது, அது நிஜம். பேனாவின் மூடியைத் திறந்தார். வெகு நேரம் இடது கையில் வைத்திருந்தார். பிறகு சொடக்கு.

"இது எங்கிட்ட இருக்கட்டும், பாபு. ராத்திரி தூங்கி எழுந்திருங்க. நாளைக்கு வந்து கேளுங்க. கேட்டா அனுப்பிடறேன்."

நாலாக மடித்து இழுப்பறையில் வைத்தார்.

மறுநாள் போனேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், காத்திருந்தார். சுற்றுப் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அதற்கு மறுநாளும் போனேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான் கேட்கவே இல்லை. அவர்மேல் பழிபோட எனக்கு மிச்சம் இருப்பது ஒரு இழுப்பறை மட்டும்.

சமரசம் தோல்வி, கோர்ட்டுக்கு அனுப்ப முகாந்திரம் இல்லை என்று சில மாதம் கழித்து ஒரு பத்திக் கடிதம் வந்தது. பணியாளர் வருகை நிரூபிக்கப்படவில்லை. திட்டத்தின் நிதி வெளியிலிருந்து வந்தது. நிதியோடு பணியும் முடிகிறது. மற்ற மூன்று பேரும் சேர்க்கப்பட்டார்கள். எனக்கும் சுகாதாரத் துறையில் சேரச் சொல்லி ஆணை வந்தது.

இரண்டு மூன்று வருஷத்தில் ஜுரமும் திரும்பி வந்தது. வருகிறதென்று முதலில் கண்டுபிடிக்க வீடு வீடாகப் போக ஆள் இல்லை. பிறகு அவசரமாகப் புது ஆட்களை எடுத்தார்கள், எண்பத்தொன்பது நாளைக்கு. மாணிக்கத்துக்கு வயது தாண்டிவிட்டது. வாலாஜாபாத் பக்கம் செங்கல் சூளையில் இருக்கிறார் என்றார்கள். பாலாற்று மணல் லாரியில் போகிறார் என்றார்கள். தேடிப்போக எனக்கு ஜீப் இருந்தது.

அந்தப் பெண்களுக்கு நான் எழுதித் தரவேண்டிய நாலாவது வரி இதுதானோ என்னவோ: உங்கள் பெயரை உங்களுக்காக யாரையும் எழுத விடாதீர்கள், நல்லவர்களை முக்கியமாக. எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். எழுதும் இடத்துக்கு அவர்களை உள்ளே விட்டால்தானே. விடாத இடத்தில் இந்த வரியை வைத்து என்ன செய்வார்கள்.

அந்த ஒரு பத்திக் கடிதம் வந்த வாரம் மாணிக்கம் பையை ஒப்படைக்க ஆபீசுக்கு வந்தார். ராகவராவ் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போயிருந்தார், அல்லது அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான்தான் சாமான் பட்டியல் வைத்து ஒவ்வொன்றாக வாங்கினேன். தோள்பை. சில்லுப் பெட்டி. ஊசி. ஸ்பிரிட் சீசா. அவர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"பென்சில் மட்டும் தேஞ்சிபோச்சி சார். பாதிதான் இருக்குது."

"பரவால்ல."

"எழுதிக்கங்க சார், பாதின்னு. அப்புறம் உங்களைக் கேக்கப் போறாங்க."

எழுதிக்கொண்டேன். அடுத்த கட்டுத் தறி நின்றிருந்தது. அறுந்த இழையை எடுத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

"மாணிக்கம், அன்னைக்கு நீங்க என் பேரைச் சொல்லியிருக்கலாமே."

நீங்க என்று என் வாயில் வந்தது அப்போதுதான் முதல்முறை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"நான் சொன்னா எடுபடுமா சார்? இன்ஸ்பெக்டர் மேல பழி போடறான்னு எழுதியிருப்பாரு. நீங்க சொல்லுவீங்கன்னு உங்க வாயையே பாத்துக்கினு இருந்தேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். வழக்கமாகப் பை தொங்குகிற தோளை ஒருமுறை தடவிக்கொண்டார். திரும்பினார்.

"கன்னியம்மா வூட்டு மருமவளுக்கு மூணு நாளா குளிர் ஜுரமாம் சார். நேத்து அந்தப் பக்கமா வந்தேன், சொன்னாங்க. ரத்தம் எடுத்துடணும். எழுந்து வெளிய வர்ற நெலமையில இல்லியாம்."

"நான் போய் எடுத்துடறேன்."

"போங்க சார். உங்களை உள்ள விடுவாங்க."